வெனிஸ் பக்கம் கேம்பிங் புக் செய்பவர்கள் கவனத்துக்கு

2025 ஜூனில் முனிச்சிலிருந்து குடும்பத்தோடு காரில் போனோம். வெனிஸுக்குள் ஓட்டல் வாடகை கட்டுப்படியாகாது என்பதால் ஒரு கேம்பிங் தளத்தில் கேபின் எடுத்தோம். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் 'வெனிஸ், 20 நிமிடம்'. தளம் இருந்ததோ காவல்லினோ-திரெபோர்த்தியில். 1999இலிருந்தே அது வெனிஸில் சேராத தனி நகராட்சி. பஸ் பிடித்து புந்தா சப்பியோனி படகுத்துறைக்குப் போக வேண்டும். அதற்கப்புறம் படகிலேயே அரை மணி நேரம்.

தூரம் போகட்டும். வெனிஸில் தங்காமல் பகலில் மட்டும் வந்துபோகிறவர்களுக்கு நுழைவுக் கட்டணம் உண்டு. அந்த வருடம் ஏப்ரல் 18 முதல் ஜூலை 27க்குள் 54 நாட்கள், பெரும்பாலும் வெள்ளி, சனி, ஞாயிறு, காலை 8.30 முதல் மாலை 4 வரை. நான்கு நாள் முன்னதாகக் கட்டினால் தலைக்கு 5 யூரோ, தாமதித்தால் 10. பதினான்கு வயதுக்குக் கீழே இல்லை. இதை வரவேற்பில் தெளிவாகவே கேட்டேன். "எங்களிடம் தங்குகிறவர்களுக்கு அதெல்லாம் கிடையாது" என்றார் அந்தப் பெண், சிரித்த முகத்தோடு. சனிக்கிழமை வெனிஸின் சான் சக்கரியா படகுத்துறையில் இறங்கியதும், கட்டணம் கட்டியதற்கோ விலக்குக்கோ சான்றான க்யூஆர் கோடு கேட்டார்கள். விலக்கு வெனிஸ் நகராட்சி எல்லைக்குள் தங்குபவர்களுக்குத்தானாம். அபராதம் 50லிருந்து 300 யூரோ வரை. நல்லவேளை, அங்கேயே போனில் 10 யூரோ வீதம் கட்டவிட்டார்கள்.

முதல் நாளே சகுனம் சரியில்லை. மதியம் போய்ச் சேர்ந்தால் ஓய்வு நேரம், மூன்று மணி வரை காருக்குக் கேட் திறக்காது. இத்தாலியக் கேம்பிங்குகளில் சகஜம்தான். ஆனால் புக்கிங் மெயிலில் ஒரு வரி போட்டிருக்கலாமே? பிள்ளைகள் வெயிலில் வெந்தார்கள். போர்வை, தலையணை உறைக்குத் தனிக் காசு. நீச்சல்குளத்தில் தொப்பி கட்டாயம். அதையும் அவர்கள் கடையிலேயே வாங்க வேண்டியிருந்தது. கடைசித் துப்புரவுக்கும் தனியாக வாங்கிக்கொண்டு, கிளம்பும்போது "தரையில் மணல்" என்று ரொக்கமாக வாங்கிய 100 யூரோ முன்பணத்தையும் பிடித்துக்கொண்டார்கள். கடற்கரைக் கேம்பிங்கில் மணல் இல்லாமல் மல்லிகைப்பூவா இருக்கும்?

வெனிஸுக்காகவே போகிறீர்கள் என்றால் மெஸ்த்ரே, ஃபுசீனா பக்கம் பாருங்கள்; அவை வெனிஸ் நகராட்சிக்குள்தான். அங்கே தங்கினாலும் விலக்குக்கான க்யூஆர் கோடை முன்கூட்டியே எடுத்துவையுங்கள். எங்கே புக் செய்தாலும் எந்த நகராட்சி, வாடகையில் எதெல்லாம் அடக்கம், முன்பணம் கார்டிலா ரொக்கமா என்று மெயிலில் எழுதி வாங்குங்கள். ரொக்கம் கொடுத்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள். உள்ளே நுழைந்ததும் கேபினை வீடியோ எடுத்துவிடுங்கள்.

எங்கள் 100 யூரோவுக்கு மெயில் போட்டுக்கொண்டே இருக்கிறேன். மேலாளர் விடுமுறையில் இருக்கிறாராம்.