கருகின ட்ரில்லுக்குப் பதிலா இம்பாக்ட் டிரைவர்

கல்லடியில கூரைத் தகடு பூட்டிக்கிட்டிருக்கக்குள்ள எண்ட பழைய கோட்லெஸ் ட்ரில்ல கருகல் மணம். பிழை என்னிலதான், மூன்று அங்குல ஸ்க்ரூவெல்லாம் அதால முறுக்கினா மோட்டர் என்ன செய்யும்? காத்தான்குடியில மகிட்டா 18 வோல்ற் இம்பாக்ட் டிரைவர் வாங்கினன், மொடல் டிடிடி 152. முறுக்குவிசை 165 நியூட்டன் மீற்றர். ஸ்க்ரூ இறுகத் தொடங்கினதும் உள்ளுக்குள்ள சுத்தியல் மாதிரித் தட்டும், அதால மணிக்கட்டு திருகுப்படாது. முதிரை மரத்தில சின்ன ஓட்டை போட்டுட்டு விட்டா, தலை தேயாம வழுக்கிக்கொண்டு இறங்குது. ஆனா சத்தம்! பக்கத்து வீட்டு மாமி ரெண்டு தரம் எட்டிப் பார்த்தா. கால் அங்குல அறுகோணப் பிட் மட்டும்தான் பிடிக்கும். அளவுக்கு மேல இறுக்காம நிப்பாட்டுற கிளச் இதுல இல்ல, அதால அலுமாரிக் கீலுக்கு சுவிட்ச மெல்லத் தொடணும். கொங்கிறீற் சுவருக்கு ஹாமர் ட்ரில் இனித்தான் பார்க்கணும்.