பெரணியா, மரப்பட்டையா, காட்டுப் பூவா: லெக் வார்மருக்கு எந்தப் பின்னல்?

டிசம்பர் பிறந்துவிட்டால் ஊட்டிப் பக்கம் விடியற்காலையில் புல்வெளியெல்லாம் உறைபனி. ஸ்வெட்டரும் குல்லாவும் எல்லார் வீட்டிலும் உண்டு. முழங்காலுக்குக் கீழேதான் குளிர் ஏறும். அம்மாவுக்கும் எனக்கும் லெக் வார்மர், அதாவது முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை போடும் பாதமில்லாத காலுறை, பின்ன உட்கார்ந்தபோது, வெறும் ரிப் (நீளவாக்கில் மேடு பள்ளமாக வரும் வரிப் பின்னல்) போட்ட குழாயாக முடித்துவிடாமல் சோலைக்காட்டின் சாயல் ஏதாவது அதில் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். மூன்று வழிகள் தோன்றின. பெரணி இலையை லேஸாக, அதாவது ஓட்டை விட்ட பின்னலாக, போடலாம். சோலை மரத்தின் பட்டையைக் கேபிள் என்கிற முறுக்குப் பின்னலில் கொண்டுவரலாம். காட்டுப் பூவரசு என்கிற ரோடோடென்ட்ரானின் சிவப்புப் பூவைப் பச்சைப் பின்னணியில் இரண்டு நிறமாக இழைக்கலாம். நான் மரப்பட்டைக்குப் போனேன், இன்றைக்கும் அதைத்தான் சிபாரிசு செய்வேன்.

அழகையும் கதகதப்பையும் பற்றி நிறையச் சொல்லத் தேவையில்லை. லேஸ் மெல்லிசு, ஓட்டை வழியாகக் காற்று புகும். உள்ளே லெக்கிங்ஸ் இருந்தால்தான் சரி. கேபிள் தடிமன். இரண்டு நிறப் பின்னலில் உள்பக்கமாக இன்னொரு நூல் ஓடுவதால் கிட்டத்தட்ட இரட்டைத் துணி. சூடு ஒன்றுதான் கணக்கு என்றால் அதுதான் முதலில் நிற்கும்.

ஆனால் லெக் வார்மரில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது வேறொன்று. போட்ட இடத்தில் நிற்குமா, நாலடி நடந்ததும் கணுக்காலில் போய்ச் சுருண்டுகொள்ளுமா? சாக்ஸைப் பாதம் பிடித்துக்கொள்ளும். இதற்கு அந்தப் பிடி கிடையாது. கெண்டைக்கால் சுற்றளவு 36 செ.மீ. உள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். கணுக்கால் சுமார் 23 செ.மீ. இருக்கும். டேப்பைக் குதிகாலிலிருந்து புறங்காலுக்குச் சாய்வாகச் சுற்றி அளந்தால் 32 செ.மீ. வந்துவிடும். அதாவது 23-ல் இறுகி நிற்க வேண்டிய வாய், ஒவ்வொரு முறை போடும்போதும் கழற்றும்போதும் 32 வரை விரிந்து, உடனே பழைய அளவுக்குச் சுருங்க வேண்டும். இந்த விரிந்து சுருங்கும் குணம் எந்தப் பின்னலில் இருக்கிறதோ, அதுதான் காலுக்கு ஆகும்.

பூ வேலை இங்கேதான் சிக்குகிறது. பின்னால் ஓடும் நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் துணி விரியும். கொஞ்சம் இழுத்துப் பின்னிவிட்டால் குதிகாலைத் தாண்டாது. தளர விட்டால் கால் விரல் அந்த நூலில் மாட்டும். ஐந்து கண்ணிக்கு (ஊசியில் ஏறும் நூல் வளையம்) மேல் ஒரே நிறம் தொடர்ந்தால் பின் நூலை நடுவில் ஒரு முறை பிடித்துக்கொள்ளவும் வேண்டும். பூவின் இதழ் கொஞ்சம் அகலமானாலே இந்த வேலை வந்துவிடும். இதில் என் அனுபவம் குல்லாவோடு சரி. லேடர்பேக் முறையில் பின் நூலைத் தனிக் கண்ணிகளாகவே பின்னுகிறவர்கள் நன்றாக விரியும் துணியை எடுத்துவிடுகிறார்கள். கை பழகியவர்களுக்கு அது நல்ல வழி.

பெரணி லேஸ் விரிவதில் குறையே வைக்காது. நூலை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டை விடுவது, பக்கத்தில் இரண்டு கண்ணியைச் சேர்ப்பது, அடுத்த சுற்று முழுக்க நிட், அதாவது சாதாரண நேர்க் கண்ணி. இந்த வரிசை கைக்கு வந்துவிட்டால் நடு நரம்பிலிருந்து இலை இரண்டு பக்கமும் விரிவதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும். விரிந்தது சுருங்கத்தான் மாட்டேன் என்கிறது. லேஸை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால்தான் இலை தெளிவாகத் தெரியும். அப்படிக் காயவைத்த துணியில் துள்ளல் மிச்சம் இருக்காது. இன்னொரு சங்கடமும் உண்டு. காலுக்கேற்ப அகலத்தைக் குறைக்க நடுவில் கண்ணியைக் கழித்தால் இலையின் கணக்கு உடையும். மேலே 4.5 மி.மீ. ஊசி, கீழே போகப் போக 4, அப்புறம் 3.5 என்று ஊசியை மாற்றித்தான் சமாளிக்க வேண்டும். குட்டையாக, பூட்ஸுக்கு மேலே கொஞ்சம் எட்டிப் பார்க்கிற அளவுக்கு என்றால் பெரணி நன்றாகவே இருக்கும்.

இனி மரப்பட்டை. 4 நிட், 2 பர்ல் (நிட்டின் மறுபக்கம் போலத் தெரியும் கண்ணி). நிட் நாலும் பட்டையின் மேடு, பர்ல் இரண்டும் வெடிப்பு. மேட்டில் இரண்டு கண்ணியை மற்ற இரண்டின் மேலே தாண்டவைத்தால் ஒரு முறுக்கு. இந்த முறுக்கை எல்லா மேட்டிலும் ஒரே சுற்றில் போடாதீர்கள். போட்டால் கயிறாகத்தான் தெரியும். ஒரு மேட்டில் 6 சுற்றுக்கு ஒரு முறை, அடுத்ததில் 8, அதற்கடுத்ததில் 10. ஒன்று இடப்பக்கம் சாயட்டும், இன்னொன்று வலப்பக்கம். சோலை மரங்கள் காற்றுக்கு வளைந்து வளைந்து வளர்கிற மாதிரி அது தானாகவே கோணலாகி வரும். நிட் முன்னுக்கும் பர்ல் பின்னுக்கும் போவதால் துணி ஆர்மோனியத் துருத்தி போல மடிந்து நிற்கும். இழுத்தால் விரியும், விட்டால் கூடிக்கொள்ளும். லெக் வார்மருக்கு வேண்டியது இதுதானே!

அகலத்தைக் குறைப்பதும் இதில் சுலபம். டி.கே. என்கிற நடுத்தரத் தடிமன் நூல், 4 மி.மீ. ஊசி, மேலே 84 கண்ணி, அதாவது 14 மேடும் 14 பள்ளமும். கெண்டைக்காலின் பருத்த இடம் தாண்டியதும் பர்ல் பள்ளத்தில் இருக்கும் இரண்டை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாக 7 பள்ளம், நாலு விரல் நீளம் போனபிறகு மிச்சம் 7. கணுக்காலுக்கு வரும்போது 70 கண்ணி. முறுக்கில் கை வைக்கவே இல்லை, வெடிப்பு மட்டும் கீழே போகப் போகக் குறுகியிருக்கும். நிஜப் பட்டையிலும் அப்படி இடங்கள் உண்டு.

இவ்வளவும் நூல் ஒத்துழைத்தால்தான். கடையில் உல்லன் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக் கையில் வரும். குழந்தை ஸ்வெட்டருக்கு அது போதும். கால் முழுக்க நாள் பூரா இழுபட்டால் தளர்ந்துவிடுகிறது. சந்தேகமாக இருந்தால் ஒரு சாண் நூலை வெட்டி, தட்டில் வைத்து நுனியில் தீக்குச்சி காட்டுங்கள். கம்பளி என்றால் முடி கருகுகிற வாசனை வரும், தொட்டால் சாம்பல் பொடியாகும். அக்ரிலிக் உருகி நுனியில் கெட்டியான மணியாகத் திரளும். காட்டன் வேண்டவே வேண்டாம், விரிந்தால் விரிந்ததுதான். கம்பளியின் சுருள் இழைதான் முறுக்கின் துள்ளலை வருடக்கணக்கில் காப்பாற்றும்.

கேபிளுக்குக் குறையும் இருக்கிறது. நூல் கூடுதலாக இழுக்கும், வேலையும் மெதுவாகத்தான் நகரும். மழைக்காலத்தில் துவைத்தால் அந்தத் தடிமன் காய்வதற்குள் பொறுமை போய்விடும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, துண்டில் உருட்டிப் பிழிந்து, படுக்கைவாட்டில் காயப்போட வேண்டும். கொடியில் தொங்கவிட்டால் தண்ணீர்க் கனத்திலேயே நீண்டுவிடும். சுடுதண்ணீரில் போட்டுத் தேய்த்தால் கம்பளி திரண்டு சுருங்கிவிடும்.

நிறத்தில் ஒரே ஒரு எச்சரிக்கை. கருப்பு, கரும்பழுப்பு, பல நிறம் கலந்த நூல் இவற்றில் முறுக்கு தெரியாமல் போய்விடும். வெளிர் சாம்பல் அல்லது பாசி படிந்த மாதிரி மங்கிய பச்சை எடுங்கள். முழங்காலுக்குக் கீழே வரைக்கும் ஒரு ஜோடிக்கு 50 கிராம் உருண்டை நாலு வேண்டும். உயரமானவர் என்றால் ஐந்து. எல்லாவற்றையும் ஒரே சாய எண் (ஒன்றாகச் சாயம் போட்டதற்கான எண்) பார்த்து ஒரே தடவையில் வாங்கிவிடுங்கள்.