நாலு ஆக்டேவ், நாலு மழைக்காலம்: செம்பூர் வீட்டில் ஒரு மிடி கீபோர்டு

பெட்டியைப் பிரித்தது நான் இல்லை, கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்கு வந்திருந்த அப்பா. நான் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் ஒயரை எடுத்து, செல்போன் சார்ஜரில் சொருகி, ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை எல்லாக் கீயையும் அமுக்கிப் பார்த்திருக்கிறார். விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை. நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, "உன்னை ஏமாத்திட்டான்டா. ராவோட ராவா திருப்பிக் குடுத்துட்டு வா" என்றார்.

அது 2022 ஆகஸ்ட். வாங்கியது 49 கீ உள்ள மிடி கன்ட்ரோலர். பார்க்க கீபோர்டு மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே ஸ்பீக்கரும் இல்லை, சொந்தமாக ஒரு ஒலியும் இல்லை. எந்தக் கீயை எப்போது, எவ்வளவு வேகமாக அமுக்கினோம், எப்போது விட்டோம் என்ற செய்தி மட்டும் லேப்டாப்புக்குப் போகும். பியானோவோ வீணையோ, சத்தம் போடுவது லேப்டாப்பின் பொறுப்பு. 1983-இல் வந்த ஏற்பாடு, இன்றுவரை அதே மொழிதான் ஓடுகிறது. இதை அப்பாவுக்கு விளக்கி முடிக்க இரண்டு காபி ஆயிற்று. "அப்போ இது வாத்தியம் இல்ல, ரிமோட்டு" என்றார். சரிதான்.

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. விலை பத்தாயிரம் ரூபாய்க்குள். இந்த விலையில் கிடைப்பவை ஏறக்குறைய ஒரே ரகம்தான்.

முதலில் என் மனதில் இருந்தது 61 கீ உள்ள, ஸ்பீக்கரோடு வரும் வீட்டுக் கீபோர்டு. யமஹாவில் பி.எஸ்.ஆர்.-ஐ வரிசை, காசியோவில் பெயர் 'ஐ.என்.' என்று முடியும் மாடல்கள். தபலா, தம்புரா எல்லாம் உள்ளேயே இருக்கும், நம் ஊருக்கென்றே செய்தவை. வாத்தியக் கடைகள் இருக்கும் தோபி தலாவ் பக்கம் போய் (1865-இல் தொடங்கிய ஃபர்டாடோஸ் கடை அங்கேதான் இருக்கிறது) இரண்டு மூன்று கடைகளில் ஒரு மணி நேரம் வாசித்தும் பார்த்தேன். ஆசை விடவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து டேப்பை வைத்து அளந்தால், என் மேஜை மூன்றரை அடி. அதில் லேப்டாப், பெண்ணின் ஹோம்ஒர்க், இஸ்திரிப் பெட்டி. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளக் கீபோர்டை வைத்தால் மற்றதெல்லாம் தரைக்குப் போகணும். இல்லாவிட்டால் கீபோர்டு பீரோ மேலே போகும். பீரோ மேலே போன வாத்தியம் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வீட்டிலேயே ஒரு சுருதிப் பெட்டி சாட்சி இருக்கிறது.

இதற்கு நேர் எதிராக, அதற்கு முந்தைய வருஷம் செகண்ட் ஹேண்டில் ஒரு 25 கீ மினி வாங்கி எட்டு மாதம் வைத்திருந்தேன். லேப்டாப் பைக்குள்ளேயே அடங்கிவிடும். டிரம்ஸ் தட்டவும் ஒற்றை மெட்டைப் பதிவு செய்யவும் போதும். ஆனால் இரண்டே ஆக்டேவ் (ஸ-விலிருந்து மேல் ஸ வரை ஒரு ஆக்டேவ்), கீயும் குறுகல். சரளி வரிசை வாசிக்கலாம், இடது கையில் ஒரு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்தால் வலது கைக்கு இடம் இல்லை. ஆக்டேவ் பட்டனை அமுக்கி அமுக்கி மேலே கீழே போவதற்குள், வந்த மெட்டு போய்விடும். வாங்கியவர்கள் யாரும் கோபித்துக்கொள்ளாதீர்கள், ரயிலில் பீட் போடுகிறவருக்கு அது சொர்க்கம். எனக்கு இல்லை.

ஆக 49. மேற்கத்திய ஸ்வரப் பெயரில் சி-யில் தொடங்கி சி-யில் முடியும் நாலு ஆக்டேவ், முழு அளவுக் கீ. லேப்டாப்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளினால் முன்னால் உட்கார்ந்துகொள்ளும். மின்சாரம் யூ.எஸ்.பி. ஒயரிலேயே வந்துவிடுவதால் அடாப்டர் கிடையாது. ஒயரைச் சொருகி ஒரு நிமிஷத்தில் வாசிக்கலாம். நாலு வருஷத்தில் நான் அதிகம் மெச்சியது இந்த ஒரு நிமிஷத்தைத்தான். இரவு பத்தரைக்குப் பாத்திரம் கழுவிவிட்டு வந்து, பதினொன்றே காலுக்குள் எதையாவது பதிந்துவிட்டுத் தூங்குகிறவனுக்கு, மேஜை மேலேயே கிடக்கும் 49 கீ, பீரோ மேலிருக்கும் 88 கீயை விடப் பெரிசு.

முதல் வாரம் நரகம். புளூடூத் ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். கை ஒரு பக்கம் போகிறது, சத்தம் பின்னால் ஓடி வருகிறது. கீபோர்டில்தான் கோளாறு என்று நினைத்து, அப்பா சொன்னபடி திருப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஒயர் ஹெட்போனுக்கு மாறியதும் பாதி சரியாயிற்று. மீதிப் பாதி சாஃப்ட்வேரின் பஃபர், அதாவது ஒலியை வெளியே விடுமுன் அது சேர்த்து வைக்கும் அளவு. 44.1 கிலோஹெர்ட்ஸில், அதாவது செகண்டுக்கு 44,100 சாம்பிள் (ஒலித் துணுக்கு) என்ற கணக்கில், 512 சாம்பிள் வைத்தால் அதற்கே 11 மில்லி செகண்டுக்கு மேல், 128-க்கு இறக்கினால் மூன்றுக்கும் கீழே. ரொம்ப இறக்கினால் பழைய லேப்டாப் படபடவென்று பொரிகிற மாதிரி சத்தம் போடும். என்னுடையது 128-இல் நிம்மதியாக ஓடுகிறது, விண்டோஸில் ஏசியோ டிரைவர் (ஒலித் தாமதத்தைக் குறைக்கும் சின்ன சாஃப்ட்வேர்) போட்ட பிறகு. வாசித்ததைப் பதியும் சாஃப்ட்வேரின் பெயர் ரீப்பர். 60 நாள் சும்மா பயன்படுத்தலாம், பிறகு தனிநபர் லைசென்ஸ் 60 டாலர்.

அப்புறம் சஸ்டெயின் பெடல், காலால் அமுக்கினால் ஒலியை நீட்டுவது. தனியாக வாங்கினேன். மாட்டிய அன்று எல்லாமே தலைகீழ்: காலை எடுத்தால் ஒலி நீள்கிறது, அமுக்கினால் நின்றுபோகிறது. கீபோர்டு விழித்துக்கொள்ளும் நேரத்தில் பெடல் எப்படி இருக்கிறதோ, அதையே 'அமுக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும் என்பது எனக்குத் தெரியாது. நான் அதன் மேல் காலை வைத்துக்கொண்டே ஒயரைச் சொருகியிருக்கிறேன். ஒரு சாயங்காலம் முழுக்க அதில் போயிற்று.

கர்நாடக சங்கீதம் பழகியவர்கள் கவனிக்க வேண்டியது பிட்ச் வீல், ஸ்வரத்தை மேலும் கீழும் வளைக்கும் சக்கரம். கீபோர்டில் கச்சேரி செய்யும் கே. சத்யநாராயணன் வாசிப்பதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கமகம் கீயில் இல்லை, இரண்டு கீக்கு நடுவில் இருக்கிறது. வீல் வழக்கமாக மேலே இரண்டு, கீழே இரண்டு அரை ஸ்வரம் வளைக்கும். தோடி காந்தாரத்துக்கு அது அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது: ஸ-வை சி-யில் வைத்தால் காந்தாரம் இ ஃபிளாட், மேலே முழுக்கத் தள்ளினால் மத்யமம், கீழே இழுத்தால் ரிஷபம். ஆனால் வீலைத் திருப்பினால் அந்தச் சேனலில் ஒலிக்கும் எல்லா ஸ்வரமும் சேர்ந்து வளையும், அடியில் பிடித்திருக்கும் ஸ-ப கூட அசையும். அதனால் சுருதியையும் கார்டையும் வேறு டிராக்கில் முன்னதாகவே பதிந்துவிடுவேன். வீல் இல்லாத வீட்டுக் கீபோர்டுகள் உண்டு, அமுக்கும் வேகத்துக்கு ஏற்ப ஒலி மாறாத மலிவு மாடல்களும் உண்டு. வாங்கும் முன் இரண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். '600 டோன்' என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம்.

மனைவிக்குச் சுருதி ஐந்து கட்டை, எனக்கு ஒன்று. சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் வசதி இருப்பதால் யார் பாடினாலும் நான் சி-யிலிருந்தே வாசிப்பேன். பதிந்தது மிடி என்பதால், மாயாமாளவகௌளையில் ஒரு தைவதம் தவறிப்போனால் அந்த ஒன்றை மட்டும் மவுஸால் நகர்த்தலாம். அடுத்த வாரம் பியானோ பிடிக்கவில்லை என்றால் வீணை. ஒரு பாட்டு கிலோபைட் கணக்கில்தான் இடம் பிடிக்கிறது.

ஹெட்போன் போட்டால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று நினைத்திருந்தேன். ஆறு மாதம் கழித்துக் கீழ் வீட்டு மராத்திப் பாட்டி லிஃப்டில் பிடித்துக்கொண்டார். "ராத்திரி பதினொரு மணிக்கு அப்படி என்ன காய் நறுக்குறீங்க?" கீ அடிபடும் டக் டக் மேஜைக் கால் வழியாக அவர் கூரைக்கு இறங்கியிருக்கிறது. பழைய யோகா மேட்டை வெட்டி நாலு காலுக்கும் கீழே வைத்தேன். அதற்குப் பிறகு காய் நறுக்கும் பேச்சு இல்லை.

பம்பாய் மழைதான் இதற்கு எமன். வாங்கிய பிறகு வந்த மூன்றாவது ஜூலையில் நடு ஆக்டேவின் சி கிறுக்கு பிடித்தது. சில நேரம் ஒலிக்கவே ஒலிக்காது, ஒலித்தால் தடாலென்று. திரையில் அமுக்கும் வேகத்தின் எண்ணைப் பார்த்தால் மற்றக் கீகள் 60, 75 என்று காட்டும்போது இது மட்டும் 127, அதாவது உச்சம். கீ ஒவ்வொன்றின் அடியிலும் இரண்டு தொடுப்புகள், ஒன்று முன்னதாகவும் மற்றது பின்னதாகவும் படும். இரண்டுக்கும் நடுவே ஆகும் நேரத்தை வைத்துத்தான் வேகத்தைக் கணக்கிடுகிறது. ஒன்று சரியாகப் படாவிட்டால் கணக்கு உளறும். எந்தச் சுருதியிலும் ஸ எனக்கு அதே கீயில் வந்து விழுவதால், தேய்ந்ததும் அதுதான்.

வாரண்டி முடிந்திருந்தது. ரிப்பேர்க் கடையில் கேட்ட தொகைக்குப் பாதிக் கீபோர்டு வாங்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே திறந்தேன். அடியில் பதினெட்டு திருகாணி, பெண் ஒவ்வொன்றாக எண்ணி இட்லித் தட்டுக் குழிகளில் போட்டாள். உள்ளே ரப்பர் பட்டை, கீ ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரிப்பொட்டு. பட்டையையும் அடியிலிருந்த போர்டையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து மூடினேன். பத்து நாள் நன்றாக இருந்துவிட்டு மறுபடி அதே கிறுக்கு. ரப்பரில் பொட்டே தேய்ந்திருந்தது.

மறுபடி திறந்தபோதுதான் கவனித்தேன், பட்டை ஆக்டேவுக்கு ஒன்றாகத் தனித்தனியாக இருக்கிறது. நடு ஆக்டேவின் பட்டையை எடுத்து மேல் கோடியில் போட்டேன், அங்கிருந்ததை நடுவுக்குக் கொண்டுவந்தேன். இப்போது மழைக்காலம் வந்தால் பருத்தித் துணி போர்த்தி, ஓரத்தில் இரண்டு சிலிக்கா பொட்டலமும் வைக்கிறேன். கிறுக்குப் பிடித்த சி மேல் ஆக்டேவில் இருக்கிறது. அவ்வளவு உயரத்துக்கு எங்கள் வீட்டில் யாருக்கும் குரல் எட்டாது.