கொத்தா, பொரிச்ச கோழியா, இடியப்பமா? திருமலையில கடையில சாப்பிட்டு மெலியிறது எப்பிடி

மெலியப் போறன் எண்டு சொன்ன உடனே எல்லாரும் சொல்றது கடைச்சாப்பாட்டை விடு எண்டுதான். வேலை முடிஞ்சு இரவு எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் பசியோட வந்து நிக்கிறவருக்கு அது சரிவராது, வீட்ட போய் அடுப்பு மூட்ட ஆருக்கு ஏலும். அதால திருகோணமலை டவுனுக்குள்ள கிடைக்கிறதில எது பரவாயில்ல எண்டு பாப்பம். இந்தக் கணக்கை மட்டும் மனசில வச்சிருங்கோ: ஒரு கிராம் கொழுப்பில 9 கலோரி, மாச்சத்திலயும் புரதத்திலயும் 4, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் எண்டா 120 கலோரிக்குக் கிட்ட.

கொத்து ரொட்டிதான் மோசமான ஆள், எனக்கு விருப்பமானதும் அதுதான், என்ன செய்யிற. கல்லுக்குப் பக்கத்தில நிண்டு பாத்தா விளங்கும். ரொட்டி மாவைக் குழைக்கேக்கயும் எண்ணெய், உருண்டையை ஊற வைக்கிறதும் எண்ணெயில, தட்டிச் சுடேக்கயும் எண்ணெய், இவ்வளவும் முடிஞ்ச ரொட்டியைத்தான் வெட்டிக் குவிச்சு வச்சிருக்கினம், அதுக்குப் பிறகு கல்லில மாஜரினை வழிச்சுப் போட்டு வெங்காயம், லீக்ஸ், முட்டை எல்லாம் வதக்கி கடைசியா ஒரு அகப்பை கோழிக்குழம்பு. 100 கிராம் கோதுமை மாவே 360 கலோரி, ஒரு ஃபுல் கொத்துக்குள்ள அதைவிடக் கூடத்தான் மா இருக்கும். சீஸ் கொத்தைப் பற்றி நான் கதைக்கவே இல்ல.

"அண்ணே, மாஜரினைக் குறைச்சுப் போடுங்கோ" எண்டா "தம்பி, அப்ப ருசி வராது, பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது" எண்டுவார். சொல்லட்டும். ரொட்டியைப் பாதியாக்கி முட்டையும் லீக்ஸும் கரட்டும் கூடப் போடச் சொல்லுங்கோ, இல்லாட்டி இடியப்பக் கொத்து கேளுங்கோ, எண்ணெய் கல்லில போடுறது மட்டும்தான். எல்லாத்தையும் அவர் தட்டத் தொடங்க முதல் சொல்லோணும், சத்தம் தொடங்கினாப் பிறகு அவருக்கு ஒண்டும் கேக்காது.

பொரிச்ச கோழிக் கடை கொத்தைவிட நல்லது எண்டா ஆரும் நம்ப மாட்டினம், ஆனா உண்மை. தோல் இல்லாத நெஞ்சு இறைச்சி சமைச்சது 100 கிராமில 165 கலோரி, புரதம் மட்டும் 31 கிராம், வயிறும் கன நேரம் தாங்கும். எண்ணெயைக் குடிச்சு வச்சிருக்கிறது அந்த மொறுமொறு மேல்கோதுதான், அதில முக்கால்வாசியை உரிச்சு வச்சிட்டா ரெண்டு துண்டு சாப்பிடலாம், மனசு கேக்காட்டி ஒரு துண்டைக் கோதோட. கேடு பிடிச்சது கோழியில்ல, கூட வாற சாமான்கள். பிரெஞ்ச் ஃப்ரைஸ் 100 கிராம் 300 கலோரியைத் தாண்டும், மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டியே 90க்கு மேல, அதுக்கு மேல சோடா.

சோடா போத்தலில கலர் வட்டம் பாத்திருப்பீங்கள், 2016இல வந்த சட்டம். 100 மில்லியில சீனி 11 கிராமுக்கு மேல எண்டா சிவப்பு, 2இல இருந்து 11 மட்டும் செம்மஞ்சள், 2க்குக் குறைய எண்டா பச்சை. சிவப்பில்லத்தானே எண்டு செம்மஞ்சளை எடுத்துக் குடிக்கிற ஆக்கள் கனபேர், அதில 10 கிராம் இருந்தாலும் 400 மில்லி போத்தலுக்கு 40 கிராம் சீனி, பிளேன்டீயில பத்துக் கரண்டி அள்ளிப் போட்ட கணக்கு! தண்ணி குடியுங்கோ, ரோட்டோரம் செவ்விளநீர் இருந்தா அதுவும் ஓகே.

ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் ஆக்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. கேளாமலே ஒரு தட்டு நிறைய முன்னால வச்சிட்டுப் போவினம், சாப்பிட்டதை எண்ணிக் காசு எடுப்பினம். கதைச்சுக் கதைச்சு கை தன்பாட்டில போகும். வேணுமெண்டதை மட்டும் சொல்லி எடுத்துக்கொண்டு தட்டைத் திருப்பி அனுப்புங்கோ.

இப்ப இடியப்பம். ஆவியில அவிச்சது, எண்ணெய் ஒரு சொட்டில்ல, என்ர வாக்கு இதுக்குத்தான். ஆனா வெறும் இடியப்பமும் சொதியும் சம்பலும் எண்டா அரிசி மாவும் தேங்காயும்தான், பத்துமணிக்குத் திரும்பப் பசிக்கும். திருமலையில இருந்துகொண்டு மீனை விடுறது விசர் வேலை. சூரைக் குழம்பு ரெண்டு துண்டு எடுங்கோ, சமைச்ச சூரை 100 கிராமில புரதம் 25 கிராமுக்கு மேல, கொழுப்பு கொஞ்சந்தான். பொரிச்ச மீன் வேண்டாம், குழம்பு மீன். சம்பல் ஒருதரம் காணும், சேர்வர் திரும்ப வைக்க வருவார், கையால மறிச்சுப் போடுங்கோ.

வெள்ளிக்கிழமை சைவம் எண்டா சாதாத் தோசையோட அவிச்ச கடலை, உழுந்து வடை ஒண்டோட நிப்பாட்டோணும். டூரிஸ்ட் ஆக்கள் வாற உப்புவெளிப் பக்கம் ரெஸ்டோரன்ட்ல சுட்ட மீனும் சலாட்டும் எல்லாத்தையும்விட நல்லம்தான், பில்லு வெள்ளைக்காரருக்குப் போட்ட பில்லு, மாசத்தில ஒருக்கா சம்பளத்தண்டைக்குப் பாக்கலாம்.

இனிப்பு இல்லாமல் எழும்ப மாட்டன் எண்டுற ஆக்கள் கிண்ணியாத் தயிர் ஒரு கோப்பை எடுங்கோ, மேல ஊத்துற பாணியை (இனிப்புப் பாகை) வேற கிண்ணத்தில தரச் சொல்லுங்கோ.