கட்டாரா கொரியாவா ஜப்பானா ருமேனியாவா: வேலைய விட்டா விசா என்னாகும்னு பாத்துட்டு முடிவு எடுங்க

இலங்கை மலையகத்துல ஒரு டவுன்ல கொமியூனிகேஷன் கடை வச்சிருக்கிறதால வெளிநாடு போற பேப்பர்தான் எனக்கு தினமும் கைக்கு வருது, ஃபோட்டோகொப்பி, ஃபோம் நிரப்புறது, ஈமெயில் போட்டு குடுக்குறதுன்னு. வர்ற எல்லாரும் கேக்குற மொத கேள்வி ஒன்னுதான், "அண்ணே எந்த நாட்டுல சம்பளம் கூட?" கேக்குறதுல தப்பு இல்ல. தோட்டத்துல ஒரு நாள் சம்பளம் 2021ல தான் ஆயிரம் ரூவாய தொட்டுச்சு, 2024ல 1350 ஆச்சு, அதுவும் முழு நாள் வேலைன்னு பேர் விழுந்தாத்தான், அப்படி இருக்கறப்ப ரியால், வொன், யென்னு எத காட்டினாலும் பெருசாத்தான் தெரியும். ஆனா நான் சம்பளத்த கடைசியா தான் பாப்பேன். மொதல்ல பாக்குறது, அங்க போய் வேலை ஒத்து வரலன்னு விட்டா விசா என்னாகும், முதலாளிய மாத்த ஏலுமா ஏலாதா. அடுத்தது, போறதுக்கு முன்ன காசு யார் கையில இருந்து யார் கைக்கு போகுது. இந்த ரெண்டையும் பாத்தா சம்பளம் கூடன்னு சொல்ற எடமெல்லாம் வேற மாதிரி தெரியும்.

வளைகுடா நாடு

நம்ம பக்கம் கூட ஆள் போறது இங்கதான், பரீட்சை இல்ல, பாஷை இல்ல, சில நேரம் ரெண்டு மூணு மாசத்துல ஃபிளைட் ஏறிடலாம். இங்க விசா உங்க பேர்ல இருந்தாலும் கயிறு இருக்கிறது முதலாளி கையில. கஃபாலான்னு சொல்றது இதத்தான். நம்ம பாட்டன் பூட்டன் காலத்துல துண்டு முறைன்னு ஒன்னு இருந்துச்சே, கங்காணிகிட்ட கடன் தீராம துண்டு, அதாவது விடுவிப்பு சீட்டு, கிடைக்காது, துண்டு இல்லாம வேற தோட்டத்துக்கு போக ஏலாது, 1921ல தான் சட்டம் போட்டு அத எடுத்தாங்க, கஃபாலா அச்சு அசல் அதேதான், துண்டுக்கு பதிலா ரிலீஸ் பேப்பர்.

ஆனா எல்லா அரபு நாட்டையும் ஒரே மூட்டையில கட்ட ஏலாது. கட்டார் 2020 செப்டம்பர்ல பழைய முதலாளிகிட்ட நோ ஒப்ஜெக்‌ஷன் லெட்டர் வாங்காமலே வேலை மாறலாம்னு சட்டத்த மாத்துச்சு, 2021 மார்ச்ல இருந்து ஆகக்குறைஞ்ச சம்பளம் 1000 ரியால், சாப்பாடும் தங்குமிடமும் முதலாளி குடுக்கலன்னா சாப்பாட்டுக்கு 300, எடத்துக்கு 500 மேல போட்டு தரணும், வீட்டு வேலைக்கு போறவங்களும் இதுல சேர்த்தி. சட்டம் இருக்கிறது வேற நடக்கிறது வேறதான், இருந்தாலும் சட்டமாவது இருக்கே. சவூதியிலயும் 2021 மார்ச்ல மாத்தினாங்க, ஆனா வீட்டு வேலைக்காரங்க, வீட்டு டிரைவர், தோட்டக்காரர் இவங்கள அந்த மாற்றத்துல சேக்கல, நம்ம அக்கா தங்கச்சிங்க போறது பெரும்பாலும் அந்த விசாவுலதான். அடி தாங்காம வீட்ட விட்டு வெளிய வந்தா முதலாளி 'ஹுரூப்', அதாவது ஓடிப்போயிட்டான்னு ஒரு ரிப்போர்ட் போட்டுருவான், அதோட இக்காமா, அதாவது அங்க தங்குற அனுமதி, செல்லாது, நம்ம பக்கம் நியாயம் இருந்தாலும் நாமதான் சட்டவிரோதம். குவைத்துல வீட்டு வேலை விசா வேற கம்பனி விசா வேற, ஒன்னுல இருந்து மத்ததுக்கு நெனச்ச நேரம் தாவ ஏலாது. டுபாய் கம்பனி வேலைக்கு கொஞ்சம் பரவால்ல, விசா கேன்சல் ஆனாலும் அடுத்த வேலை தேட கிரேஸ் பீரியட் குடுக்குறாங்க, ஆள் எடுக்குற செலவ முதலாளிதான் ஏத்துக்கணும்னு அங்க சட்டமே இருக்கு. இங்க அந்த செலவ யார் கட்டுறாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல.

காசு போற பக்கத்த இப்ப பாருங்க. ஆம்பள போனா ஏஜென்சிக்கு காசு கட்டணும். பொம்பள வீட்டு வேலைக்கு போனா ஏஜென்சி முன்பணம் குடுக்குது, லயத்துக்கே, தோட்ட லைன் வீட்டுக்கே, வந்து கைல வைக்குறாங்க. நல்லதுதானேன்னு தோணும். அந்த காசு அடகுல இருக்கிற நகைய திருப்புறதுலயும் பழைய கடன்லயும் கரைஞ்சிரும், அப்புறம் போன எடத்துல ஒத்துக்கலன்னு ஒரு மாசத்துல அழுதுகிட்டு கோல் எடுத்தா, "வாங்கின காசையும் டிக்கெட்டையும் கட்டிட்டு வர சொல்லுங்க"ன்னு சப் ஏஜென்ட் வீட்டு வாசல்ல நிப்பான். காசு வாங்கிட்டு போறதும் ஒரு வகை கடன்தான், அது பேப்பர்ல எழுதல அவ்வளவுதான்.

இன்னொன்னு, அக்ரிமெண்ட். கடைக்கு வர்ற பேப்பர்ல நான் அடிக்கடி காணுறது, ஒரு தாள்ல பேசிக் சம்பளம்னு ஒரு தொகை, ஏஜென்ட் வாட்ஸ்அப்ல அனுப்புன தாள்ல பேசிக், சாப்பாடு, ஓவர்டைம் எல்லாம் கூட்டி பெரிய தொகை. கையெழுத்து போடுறது மொத தாள்ல, ஊர்ல சொல்லிட்டு போறது ரெண்டாவது தாள. பியூரோவுல, அதாவது அரசாங்கத்தோட வெளிநாட்டு வேலைவாய்ப்பு பணியகத்துல, பதியுற அக்ரிமெண்ட்ல என்ன இருக்கோ அதுதான் பின்னாடி பிரச்சினைன்னு வந்தா பேசும்.

கொரியா

இது முழுக்க கவர்மெண்டுக்கு கவர்மெண்ட். 2004ல இருந்து ஈபிஎஸ்னு வெளிநாட்டு ஆள வேலைக்கு எடுக்குற முறை நடக்குது, இங்க பியூரோ, அங்க எச்ஆர்டி கொரியாங்குற அரசு நிறுவனம், நடுவுல ஏஜென்சிக்கு வேலையே இல்ல. அதனால யாராச்சும் "கொரியா சீட் ஒன்னு இருக்கு, அஞ்சு லட்சம் குடுங்க"ன்னா அங்கயே எந்திரிச்சி வந்துருங்க. வயசு 18ல இருந்து 39 வரைக்கும், நிறம் பிரிச்சி பாக்க கண்ணு சரியா இருக்கணும், கொரிய பாஷை பரீட்சை பாஸ் பண்ணணும், 40 கேள்வி, வாசிக்கிறது 20 கேக்குறது 20. பாஸ் ஆனா வேலை கிடைச்சிருச்சுன்னு தோட்டம் முழுக்க சொல்லி பார்ட்டி வேற வைக்குறானுங்க, அங்கதான் கோளாறு. பாஸ் ஆனவங்க பேர் லிஸ்ட்ல ஏறும், கொரியா முதலாளி அதுல இருந்து தெரிவு செஞ்சாத்தான் பயணம். பரீட்சை முடிவு செல்லுபடியாகுறது ரெண்டு வருஷம், அதுக்குள்ள யாரும் எடுக்கலன்னா மறுபடி பரீட்சை. சும்மா காத்துகிட்டு இருக்காம கைல ஒரு வேலைய வச்சிகிட்டுதான் இதுல எறங்கணும்.

சம்பளம் கொரியாக்காரனுக்கு என்ன குறைஞ்ச சம்பளமோ அதேதான், 2025ல மணிக்கு 10,030 வொன், மாசம் 209 மணித்தியாலத்துக்கு கணக்கு போட்டா 20 லட்சத்து 96 ஆயிரம் வொன் சொச்சம். ஓவர்டைம் வேற. ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு, விவசாயம், மாட்டுப்பண்ணை, மீன்பிடி இந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கூடுதல் ரேட் குடுக்கணும்னு சட்டம் கட்டாயப்படுத்தாது. நம்ம பையனுங்க "நமக்கு மண்ணு வேலை பழக்கம்தானே"ன்னு விவசாயத்த டிக் பண்றாங்க, ஃபெக்டரிக்கு வாய்ப்பு இருந்தா ஃபெக்டரிதான் என் ஓட்டு.

விசா விஷயத்துக்கு வருவோம். இந்த முறையில கிடைக்கிற ஈ-9 விசா மொத மூணு வருஷம், முதலாளி கேட்டா இன்னும் ஒரு வருஷம் பத்து மாசம் கூட்டலாம். வேலை மாறலாம், ஆனா சும்மா பிடிக்கலன்னு ஏலாது, சம்பளம் குடுக்கல, அடிச்சான், கம்பனி மூடிட்டான் மாதிரி காரணம் வேணும், இல்லாட்டி அக்ரிமெண்ட் முடிஞ்சிருக்கணும், மொத மூணு வருஷத்துல மூணு தடவைதான். வேலை முடிஞ்சி ஒரு மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும், அதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள புது எடம் கிடைக்கலன்னா நாடு திரும்பணும். கட்டுப்பாடுதான், ஆனா கட்டுப்பாடு எழுத்துல இருக்கு, முதலாளி மனசுல இல்ல. வளைகுடாவோட ஒப்பிட்டா எனக்கு இதுதான் பெரிய வித்தியாசம். அப்புறம் முதலாளி மாசா மாசம் சம்பளத்துல 8.3 வீதம் ஒரு இன்ஷூரன்ஸ்ல கட்டணும், ஒரு வருஷத்துக்கு மேல ஒரே எடத்துல நின்னா நாடு திரும்பும்போது அது நம்ம காசு. தோட்டத்துல ஈபிஎஃப், அதாவது சேமலாப நிதி, எடுக்க அலைஞ்சவங்களுக்கு இதோட அருமை தெரியும்.

நம்ம பிள்ளைங்களுக்கு உள்ள தடை வேற எடத்துல. ஹட்டன்லயும் கண்டியிலயும் கொரிய கிளாஸ் பெரும்பாலும் சிங்களத்துலதான், நோட்டும் சிங்களத்துல, சிங்களம் எழுத வாசிக்க தெரியாத பையன் மொத வாரத்துலயே பின் பெஞ்சுக்கு போயிடுறான். இத்தனைக்கும் கொரிய வாக்கியம் நம்ம தமிழ் மாதிரியே வினை கடைசில வர்றது, சிங்களம் தெரியலன்னு விட்டுட்டு வர்றத பாத்தா வயித்தெரிச்சலா இருக்கு.

ஜப்பான்

ஜப்பான்ல ரெண்டு கதவு இருக்கு, ரெண்டையும் ஒன்னுன்னு நெனச்சுதான் நெறைய பேர் ஏமாறுறாங்க. ஒன்னு பழைய டெக்னிக்கல் இன்டர்ன், பயிற்சின்னு பேரு, வேலைதான் நடக்கும், மூணுல இருந்து அஞ்சு வருஷம், முதலாளிய மாத்த சாதாரணமா ஏலாது. இந்த முறைய நிப்பாட்ட 2024ல ஜப்பான் பார்லிமெண்ட்ல சட்டம் போட்டுட்டாங்க, 2027 ஏப்ரல்ல இருந்து வர்ற புது முறையில சில நிபந்தனையோட எடம் மாறலாம். ரெண்டாவது கதவு 2019ல திறந்த டோக்குதேய் கினோ, எஸ்எஸ்டபிள்யூன்னு சொல்ற, குறிப்பிட்ட தொழில் திறமை உள்ளவங்களுக்கான வேலை விசா. இதுக்கு பாஷை பரீட்சையும், கேர்கிவர் (வயசானவங்கள பாத்துக்கிற வேலை), சாப்பாட்டுக்கடை, விவசாயம்னு நாம எடுக்குற துறைக்குரிய பரீட்சையும் வேணும். பாஷைக்கு ஜப்பானிய மொழிப் பரீட்சையில என்-4 மட்டம், இல்லாட்டி ஜேஎஃப்டிங்குற இன்னொரு பரீட்சை, ஜேஎஃப்டியில 250க்கு 200 எடுக்கணும். இதுல வந்தா அதே துறைக்குள்ள முதலாளிய மாத்தலாம், அஞ்சு வருஷம் வரைக்கும் இருக்கலாம், பொண்டாட்டி பிள்ளைய கூட்டிட்டு போக ஏலாது.

கொரியாவோட ஒப்பிட்டா ஆரம்பத்துல கைக்கு வர்றது கொரியாவுல கூடவா இருக்கும், படிக்கிற கஷ்டம் ஜப்பானுக்கு கூட, மூணு எழுத்து முறை, அதுல கன்ஜின்னு உள்ள சீன எழுத்த பாத்தே பாதி பேர் ஓடிருவாங்க. ஆனா நீண்ட காலத்துக்கு பாத்தா ஜப்பான்தான் மேல, முக்கியமா கேர்கிவர் வேலைக்கு. அங்க மூணு வருஷ அனுபவத்தோட கைகோ ஃபுகுஷிஷின்னு தகுதிபெற்ற கேர்கிவருக்கான தேசிய பரீட்சைய பாஸ் பண்ணினா விசாவே மாறிடும், புதுப்பிச்சிகிட்டே இருக்கலாம், குடும்பத்தையும் கூட்டிக்கலாம். ஏ/எல் முடிச்சிட்டு ப்ரீ ஸ்கூல் டீச்சரா மாசம் சின்ன தொகைக்கு நிக்கிற தங்கச்சிங்களுக்கு நான் சொல்றது இதத்தான். வீட்டு வேலைக்கு சவூதி போறதுக்கு முன்ன ஒரு வருஷம் பாஷைக்கு ஒதுக்க வழி இருந்தா ஒதுக்குங்க. வழி இல்லாத வீடும் இருக்கு, தெரியும், அடுப்பு இன்னிக்கு எரியணுமே.

ஸ்டூடண்ட் விசாவுல ஜப்பான் அனுப்புறேன்னு விளம்பரம் போடுறாங்களே, அது வேலை விசா இல்ல. கிழமைக்கு 28 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம், ஸ்கூல் ஃபீஸ் நாமதான் கட்டணும். வீட்டுக்கு காசு அனுப்ப போறவங்களுக்கு அது சரிவராது.

இஸ்ரேல், ருமேனியா, இங்கிலாந்து

இஸ்ரேல் சம்பளம் நல்லது, 2023 நவம்பர்ல விவசாயத்துக்கு 10,000 பேர எடுக்குறதா ஒப்பந்தம் போட்டாங்க, வேலை விசா சாதாரணமா 63 மாசத்தோட முடியும். ஆனா அந்த வருஷம் அக்டோபர் 7 தாக்குதல்ல நம்ம நாட்டு ஆளுங்களும் செத்தாங்க. சம்பளத்துல அதுவும் சேர்த்திதான்.

ருமேனியாவுக்கு இப்ப ஒரு மோகம். முதலாளி அங்க வேலை அனுமதி எடுக்கணும், அத வச்சு இங்க விசா, போன பிறகு ரெசிடென்ஸ் கார்ட். நடைமுறை ஒழுங்காத்தான் இருக்கு, சிக்கல் ரெண்டு எடத்துல. ஒன்னு, போக கட்டுற காசு லட்சக்கணக்குல, வட்டிக்கு எடுத்து கட்டினா மொத வருஷ சம்பளம் வட்டிக்கே போயிரும். ரெண்டு, போறவன்ல பாதிப்பேர் மனசுல இருக்கிறது ருமேனியா இல்ல, இத்தாலி. 2025 ஜனவரியில இருந்து ருமேனியா முழுசா ஷெங்கன்ல, அதாவது எல்லையில சோதனை இல்லாம போய்வர்ற ஐரோப்பிய நாடுகளோட, சேந்துட்டதால கார்ட வச்சு இத்தாலிக்கு 180 நாள்ல 90 நாள் போய் வரலாம்ங்குறது உண்மை, அங்க வேலை செய்யலாம்ங்குறது பொய். வேலைய விட்டுட்டு அங்க ஒளிஞ்சி இருந்தா ருமேனியா கார்டும் போயிரும், அப்புறம் சவூதி ஹுரூப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்.

இங்கிலாந்து கேர் விசா கதை முடிஞ்சிருச்சு. 2025 ஜூலை 22ல இருந்து வெளிநாட்டுல இருந்து புதுசா கேர் வேலைக்கு ஆள் எடுக்குறத நிப்பாட்டிட்டாங்க, குடும்பத்த கூட்டிட்டு போறத 2024 மார்ச்லயே நிப்பாட்டிட்டாங்க. பழம் பறிக்குற சீசன் விசா இருக்கு, ஆறு மாசம்தான், அத அங்கயே நீட்டிக்கவோ மாத்தவோ ஏலாது, கடன் வாங்கி போறவனுக்கு ஆறு மாசத்துல என்ன மிஞ்சும்னு ஒரு தாள்ல கணக்கு போட்டு பாருங்க. இன்னும் யாராச்சும் கேர் விசான்னு காசு கேட்டா அவன் பொய்யன்.

விசிட் விசாவ நான் ஒரு வழியாவே எண்ணுறதில்ல. "போய் எறங்கு, அங்க மாத்திக்கலாம்"னு அனுப்புறவன் பியூரோவுல பதிய விடமாட்டான், பதியலன்னா இன்ஷூரன்ஸ் இல்ல, கேக்க ஆள் இல்ல. தாய்லாந்துல கம்ப்யூட்டர் வேலைன்னு விசிட்ல போய் மியன்மார் மியாவடி பக்கம் மோசடி கேம்ப்ல மாட்டினவங்களும், ரஷ்யாவுக்குன்னு போய் யுத்தத்துல சண்டைக்கு விடப்பட்டவங்களும் இந்த நாட்டுல இருந்து போனவங்கதான். ஏஜென்சிக்கு லைசன்ஸ் இருக்கா, அந்த வேலைக்கு ஆள் கேட்டு ஓடர் வந்திருக்கான்னு பியூரோவோட 1989 நம்பருக்கு கோல் எடுத்து கேட்டா சொல்லுவாங்க, காசு குடுக்க முன்ன எடுங்க.

பேர்

எந்த நாடா இருந்தாலும் நம்மாளுங்க தடுக்கி விழுறது இதுலதான். பிறப்பு சர்டிபிகேட்ல தோட்டத்துல பதிஞ்சவர் கேட்ட மாதிரி ஒரு எழுத்து, ஐடென்டி கார்டுல ஸ்கூல் எழுதின மாதிரி இன்னொன்னு, அப்பா பேர் முன்னால ஒரு எடத்துல, பின்னால ஒரு எடத்துல. வளைகுடா ஏஜென்ட் இதுக்கெல்லாம் "பரவால்ல பாத்துக்கலாம்"ம்பான். கொரியாவுலயும் ஜப்பான்லயும் பரவால்ல கிடையாது, பரீட்சைக்கு பதியுற பேர் பாஸ்போட்ல இருக்கிற மாதிரியே எழுத்துக்கு எழுத்து இருக்கணும். அதனால மொதல்ல கிளாசுக்கு காசு கட்டாதீங்க. பிறப்பு பதிஞ்ச பிரிவுக்குரிய பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்ட பதிவாளர்கிட்ட போய் பிழைய திருத்துங்க, அப்புறம் ஐடென்டி கார்டு, அதுக்கப்புறம் பாஸ்போட். பாஸ்போட்டுக்கு பத்தரமுல்லைக்கு ராத்திரி பஸ் ஏறணும்னு இல்ல, கண்டியிலயும் ஒபிஸ் இருக்கு, ஒன்லைன்ல போட்டுட்டு கைரேகைய சில பிரதேச செயலகத்துலயே வைக்கலாம். பழைய பாஸ்போட்ல பேர் பிழையோட இருந்தா அத மறைச்சிட்டு புதுசு போடாதீங்க, பழையதையும் கைல எடுத்துட்டு போங்க.