‘500 குதிரைத்திறன் தாங்கும்’ என்று எனக்கு விற்கப்பட்ட கியர்பாக்ஸ்

பழைய செவர்லே, போண்டியாக் கார்களில் இருக்கும் மூன்று கியர் ஆட்டோமேட்டிக்கைக் கழற்றிவிட்டு, ஓவர்டிரைவ் (வெளித்தண்டை இன்ஜினைவிட வேகமாகச் சுழற்றும் கடைசி கியர்) உள்ள நான்கு கியர் பெட்டியை மாட்டலாம் என்று எண்ணிக்கொண்டிருப்பவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சென்ற கோடையில் ஹூஸ்டனில் உள்ள ஒரு கியர்பாக்ஸ் பட்டறையில் 3,350 டாலர் கொடுத்துப் பொருத்திக்கொண்ட 700ஆர்4 என்ற நான்கு கியர் ஆட்டோமேட்டிக், சரியாக 640 மைல் ஓடியதும் மூன்றாவது கியரை இழந்தது. விவகாரம் இன்னும் முடியாததால் பட்டறையின் பெயரை எழுதவில்லை. என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் சொல்கிறேன்.

என்னுடையது 1979ஆம் ஆண்டு கமாரோ இசட்28. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அதன் 350 கன அங்குல வி8 இன்ஜினுக்கு 175 குதிரைத்திறன்தான். எனக்கு முன்னால் வைத்திருந்தவர் அதே அளவுள்ள வலுவான புது இன்ஜினையும் நான்கு பீப்பாய் ஹாலி கார்புரேட்டரையும் மாட்டியிருந்தார். பின் அச்சு விகிதம் 3.73, அதாவது சக்கரம் ஒருமுறை சுற்ற, பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் புரொப்பெல்லர் ஷாஃப்ட் 3.73 முறை சுற்ற வேண்டும். கியர்பாக்ஸ் டர்போ ஹைட்ராமேட்டிக் 350. அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதன் மூன்றாவது கியர் நேர் விகிதம், அதாவது இன்ஜின் சுற்றும் அதே வேகத்தில் ஷாஃப்டும் சுற்றும் என்பதால், நெடுஞ்சாலையில் 65 மைல் வேகத்திலேயே இன்ஜின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,000 சுற்றில் கத்திக்கொண்டிருக்கும். இரண்டு மணி நேரம் ஓட்டி இறங்கினால் காதுக்குள் அந்த இரைச்சல் இரவுவரை நிற்கும். நான் தேடியது வேகத்தை அல்ல, அந்தச் சுற்றைக் குறைக்கும் வழியை.

இதற்கு எலெக்ட்ரானிக் கட்டுப்பாடு வேண்டாத இரண்டு பெட்டிகள் உண்டு. 1982இல் வந்த 700ஆர்4 ஒன்று. அதன் முதல் கியர் 3.06, இரண்டாவது 1.63, நான்காவது 0.70. மற்றொன்று 200-4ஆர், அதில் 2.74, 1.57, 0.67. என் காரின் பின் அச்சோடு பெருக்கிப் பார்த்தால் 700ஆர்4இன் முதல் கியர் 11.4 ஆகிறது. லேசாக அழுத்தினாலே சக்கரம் சுழன்று புகைவிடும். இரண்டாவதுக்கு மாறும்போதோ 5,000 சுற்று 2,660க்கு விழுந்து, இன்ஜின் தன் வலுவான பகுதியை விட்டு இறங்கிவிடும். 200-4ஆரில் இந்தப் பள்ளம் குறைவு. அதைவிடப் பெரிய வசதி, அது என் பழைய பெட்டியின் நீளமே உள்ளது. தாங்கும் குறுக்குச் சட்டத்தை நகர்த்தினால் போதும், புரொப்பெல்லர் ஷாஃப்டைத் தொட வேண்டியதில்லை. 700ஆர்4 ஏறத்தாழ 3 அங்குலம் நீளம் கூடியது.

இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போயும் நான் ஏமாந்தேன் என்பதுதான் வெட்கக்கேடு. 200-4ஆர் வேண்டும் என்றதும், கடைக்காரர் அது சிறிய கார்களுக்கான மெல்லிய பெட்டி என்றும், என் இன்ஜினுக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது என்றும் அடித்துச் சொன்னார். 1987ஆம் ஆண்டு பியூக் கிராண்ட் நேஷனலின் 245 குதிரைத்திறன் டர்போ வி6க்குப் பின்னால் இருந்தது அதே 200-4ஆர்தான் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் முப்பது ஆண்டு அனுபவம் பேசுகிறது என்று வாயை மூடிக்கொண்டேன். அவரிடம் இருப்பில் இருந்தவை 700ஆர்4 மட்டுமே என்பதைப் பிறகு அறிந்தேன். ‘மூன்றாம் நிலை, 500 குதிரைத்திறன் தாங்கும், 1987க்குப் பிந்தைய பெட்டி, உள்ளே எல்லாம் புதிது’ என்று வாயால் சொன்னவர், ரசீதில் ‘மூன்றாம் நிலை 700ஆர்4’ என்று மட்டும் எழுதினார். ஐந்து விழுக்காடு தள்ளுபடி கிடைக்கும் என்று கிரெடிட் கார்டை உள்ளே வைத்துவிட்டு வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்பினேன். கார்டில் கொடுத்திருந்தால் கார்டு நிறுவனத்திடமே முறையிட்டிருக்கலாம். அந்தக் கதவை நானே சாத்திக்கொண்டேன்.

வண்டி கைக்கு வந்த முதல் வாரம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கியர் மாறுவதே தெரியாமல் வெண்ணெய் போல வழுக்கிச் சென்றது. 45 மைல் வேகத்துக்குள் நான்காவது கியருக்கே போய்விட்டது. அந்த மென்மையைத் தரம் என்று நினைத்தேன். அது பெட்டி சாகும் அறிகுறி.

இதை விளக்க வேண்டும், ஏனென்றால் பழைய டர்போ 350இல் பழகியவர்கள் விழும் குழி இதுதான். அந்தப் பெட்டியிலும் கார்புரேட்டரிலிருந்து ஒரு கேபிள் வரும். ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கும்போது கீழ்க் கியருக்கு இறக்குவது மட்டுமே அதன் வேலை. அது அறுந்து தொங்கினாலும் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். 700ஆர்4இலும் 200-4ஆரிலும் பார்ப்பதற்கு அதேபோல இருக்கும் த்ராட்டில் வால்வ் கேபிளின் கதை வேறு. நீங்கள் எவ்வளவு மிதிக்கிறீர்கள் என்பதைப் பெட்டிக்குச் சொல்வதும், கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் ஆயில் அழுத்தத்தை அதற்கேற்ப உயர்த்துவதும் அந்தக் கேபிள்தான். அது போதிய அளவு இழுக்கப்படவில்லை என்றால், இன்ஜின் முழு விசையைத் தள்ளும் நேரத்திலும் அழுத்தம் குறைவாகவே இருக்கும், தட்டுகள் வழுக்கும், வழுக்கும் தட்டு எரியும். கியர் சீக்கிரமாகவும் மென்மையாகவும் மாறுவது அதனால்தான். ஹாலி கார்புரேட்டரின் நெம்புகோல் அமைப்பு இந்தக் கேபிளுக்கு ஏற்றதல்ல என்பதால், இழுப்பைத் திருத்தும் தனித் துண்டு ஒன்றை அதில் பொருத்தியாக வேண்டும். சில பத்து டாலர் பொருள். என் காரில் அது இல்லை.

640 மைலில், நெடுஞ்சாலை ஏற்றுப்பாதையில், இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்கு மாறும் இடத்தில் இன்ஜின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. முதல், இரண்டாவது, ரிவர்ஸ் மூன்றும் வேலை செய்தன. இந்தப் பெட்டியில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் ஒரே கிளட்ச் அடுக்குதான். அது போனால் இரண்டும் சேர்ந்து போகும்.

பட்டறை சொன்ன பதில்: ஆயில் கறுத்திருக்கிறது, ஆகவே பந்தயத்தில் ஓட்டியிருக்கிறீர்கள், 12 மாத உத்தரவாதம் செல்லாது, வேண்டுமானால் 1,100 டாலருக்கு மீண்டும் கட்டித் தருகிறோம். கேபிளைப் பற்றிக் கேட்டபோது, அதைச் சரிசெய்வது பொருத்துபவரின் பொறுப்பு என்றார்கள். பொருத்தியவர்கள் அவர்களே என்று ரசீதைக் காட்டினேன். அதற்குப் பதில் வரவில்லை.

வண்டியை இழுவை லாரியில் ஏற்றி, வயதான ஒரு மெக்கானிக்கிடம் கொண்டு சென்றேன். அவர் என்னை உள்ளே உட்காரவைத்து ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதிக்கச் சொல்லிவிட்டு, கேபிள் பாதித் தூரம்தான் நகர்கிறது என்பதை அளந்து காட்டினார். பிறகு பெட்டியை இறக்கி, இன்ஜினின் விசையை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரை வெளியே இழுத்ததும் சிரித்துவிட்டார். உள்ளே வரும் தண்டில் 27 பற்கள். அது 1982 முதல் 1984 வரையான பெட்டிகளின் அடையாளம். அதற்குப் பிறகு வந்தவற்றில் 30 பற்கள். 1987இலிருந்து வரும், ஆயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துணை வால்வ் பாடியும் உள்ளே இல்லை. புதிதாக இருந்தவை கேஸ்கெட்டும் ஃபில்டரும் வெளிப்பூச்சும்தான். கன்வெர்ட்டர் லாக்கப் ஆவதற்கான, அதாவது வழுக்காமல் இன்ஜினோடு நேராகப் பூட்டிக்கொள்வதற்கான ஒயர் எதிலும் இணைக்கப்படாமல் தொங்கியது. நெடுஞ்சாலையிலும் கன்வெர்ட்டர் வழுக்கி ஆயிலைச் சூடாக்கிக்கொண்டே இருந்திருக்கிறது.

தெரியாமல் நடந்த பிழை என்று சொல்லவும் வழியில்லை. 30 பல் கன்வெர்ட்டர் 27 பல் தண்டில் ஏறாது. ஆகவே கன்வெர்ட்டரைத் தேர்ந்தெடுத்த கைக்குப் பெட்டியின் வயது நன்றாகத் தெரிந்திருந்தது.

வாங்கப் போகிறவர்கள், கன்வெர்ட்டர் மாட்டுவதற்கு முன்னால் நேரில் சென்று அந்தப் பற்களை எண்ணுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. ‘நிலை’ என்ற சொல்லுக்கு எந்த அளவுகோலும் கிடையாது, ஒவ்வொரு கடைக்கும் ஒரு பொருள். மூன்று-நான்கு கிளட்ச் அடுக்கில் எத்தனை தட்டுகள், சன் ஷெல் என்ற உள் உருளை ஓடு வலுவூட்டப்பட்டதா, ஆயில் பம்ப் ரோட்டரில் 10 இறக்கையா 13 இறக்கையா என்று பொருள் பொருளாக ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் அந்தப் பொருள்கள் இல்லை என்றே கொள்ளலாம். கேபிள் பொருத்திய பிறகு ஆயில் அழுத்தமானியை மாட்டி, ஐட்லிலும் கேபிளை முழுவதும் இழுத்தும் அளந்த இரண்டு எண்களையும் கேளுங்கள். அந்த எண்கள் இல்லாமல் வண்டியைச் சாலையில் இறக்காதீர்கள்.

இப்போது காரில் 200-4ஆர் இருக்கிறது. 700ஆர்4க்காக என் ஷாஃப்டை 3 அங்குலம் வெட்டியிருந்ததால் அதற்கும் தனியாகச் செலவழித்து வேறொன்று வாங்க வேண்டியதாயிற்று. 65 மைல் வேகத்தில் சுற்று 2,000. கியர் மாறுவது இப்போது உடலுக்குத் தெரிகிறது. டெக்சாஸ் நுகர்வோர் சட்டப்படி வழக்குக்கு 60 நாள் முன்பாகத் தர வேண்டிய எழுத்துமூல அறிவிப்பை அனுப்பிவிட்டேன். 20,000 டாலர்வரை விசாரிக்கும் ஜஸ்டிஸ் நீதிமன்றத்துக்கு அடுத்து செல்ல இருக்கிறேன். பழைய பெட்டி என் கராஜில், எரிந்த தட்டுகளோடும் கறுத்த ஆயிலோடும் துடைக்கப்படாமல் கிடக்கிறது. அந்த 27 பற்களையும் நீதிபதி எண்ணிப் பார்க்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.