18 வருடமாக ஒரே ஸ்ப்ளெண்டர்

2007-ல் கடலூரில் எடுத்த ஸ்ப்ளெண்டர் பிளஸ் பைக், டிஎன் 31 நம்பர், இன்னும் அதைத்தான் ஓட்டுகிறேன். டேங்கில் ஹீரோ ஹோண்டா என்று இருக்கும். கம்பெனிகள் பிரிந்து 2011-லேயே பெயர் மாறிவிட்டது, ஸ்டிக்கரை மட்டும் நான் பிரிக்கவில்லை. மொத்தம் எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் சரியாகச் சொல்ல முடியாது, மீட்டர் கேபிள் இரண்டு தடவை அறுந்து மாதக்கணக்கில் அப்படியே ஓட்டியிருக்கிறேன். வீடு மஞ்சக்குப்பம், வேலை புதுச்சேரி, போக வர 45 கிலோமீட்டர், வாரம் ஆறு நாள். நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

மைலேஜ்தானே முதலில் கேட்பீர்கள்? வேகம் 50-ஐத் தாண்டாமல் போனால் இன்றும் லிட்டருக்கு 60 கொடுக்கிறது. 97.2 சிசி, நான்கு கியர், அதைப் போட்டு முறுக்குவது பாவம்.

பெட்ரோல் புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் முள்ளோடையில்தான். நம் பக்கத்தைவிட அங்கே விலை குறைவு என்று கடலூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் கடைசிச் சொட்டு வரை இழுத்துக்கொண்டு போவேன். ரெட்டிச்சாவடி பக்கம் வரும்போது வண்டி ஒரு தும்மல் போடும், முறுக்கினாலும் இழுக்காது. கண் ரோட்டிலேயே இருக்கும், இடது கை மட்டும் கீழே இறங்கி டேங்குக்கு அடியில் அந்தச் சின்னக் குழாயைத் தடவிப் பிடித்து ரிசர்வுக்கு, அதாவது டேங்கின் அடியில் ஒதுங்கி நிற்கும் மிச்சப் பெட்ரோலுக்கு, திருப்பும். இரண்டு மூன்று விநாடி வண்டி சும்மா உருளும், அப்புறம் பெட்ரோல் இறங்கி மறுபடி பிடித்துக்கொள்ளும். அந்த இரண்டு மூன்று விநாடி எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஏன் என்று கேட்காதீர்கள். அண்ணன் மகனுடையது புது மாசு விதிப்படி வந்த பிஎஸ் 6 வண்டி, ஃபியூயல் இஞ்செக்ஷன், அதில் இந்தக் குழாயே இல்லை. "முள்ளைப் பார்த்தா தெரியப்போகுது சித்தப்பா" என்கிறான். சரி, அவனுக்கு அது.

இந்த ஊரில் வண்டிக்கு எதிரி உப்புக்காற்றுதான். தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தாலே மறுநாள் துடைக்க வேண்டும். பழைய துணியில் எண்ணெய் தொட்டு ஸ்போக்ஸ் ஒவ்வொன்றாகத் துடைப்பேன், வீட்டில் அதற்குத் தனியாகத் திட்டு உண்டு. சைலன்சர் இது மூன்றாவது. 2011 டிசம்பர் 30, தானே புயலில் முருங்கை மரம் விழுந்து டேங்கில் ஒரு பள்ளம், முருங்கையாக இருந்ததால் அதோடு போயிற்று. 2015 வெள்ளத்தில் எஞ்சின் வரை தண்ணீர். அப்படி முங்கிய வண்டியை அவசரப்பட்டு உதைக்காதீர்கள். முதலில் ஆயிலை வடித்துப் பாருங்கள், பால் விட்ட டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது.

என்னை நிஜமாகவே நோகடித்தது மழையும் இல்லை, புயலும் இல்லை. ஒரு பட்டறையில் ஆயில் மாற்றிய பையன் ஆயில் வடிக்கும் டிரெய்ன் போல்ட்டை ஏறி நின்று முறுக்கி மரையைக் காலி பண்ணிவிட்டான். வீட்டு வாசலில் கறுப்பு வட்டம் விழுந்த பிறகுதான் தெரிந்தது. லேத்தில் கொடுத்து வேறு மரை போட்டேன். அன்றிலிருந்து ஆயில் நானே மாற்றுகிறேன், 900 மில்லி, அரை மணி நேர வேலை.

குறை என்றால் எடைதான், 110 கிலோ சொச்சம். தனியார் பஸ் உரசிக்கொண்டு போனால் காற்றே ஓரத்துக்குத் தள்ளும். எதிர்த்து நின்று பயனில்லை, முழங்காலை டேங்கில் ஒட்டிக்கொண்டு விட்டுக்கொடுத்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலைக்கு இல்லாமல் ஓட்டுவேன், பெரும்பாலும் பண்ருட்டி ரோடு. நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை ஓடும் சமயமாக இருந்தால் ஊருக்குள் நுழையும் முன்பே கரும்புப்பாகு வாசனை ஹெல்மெட்டுக்குள் வந்துவிடும். கரும்பு டிராக்டர் பின்னால் மாட்டினால் முந்த மாட்டேன், மூன்றாவது கியரில் அப்படியே உருட்டிக்கொண்டு போவேன், எஞ்சினுக்குள் வால்வைத் தட்டும் டேப்பட் சத்தம் கூடியிருக்கிறதா என்று கேட்க அதைவிட நல்ல இடம் இல்லை. போன மே மாதம் பத்துக் கிலோ பலாப்பழத்தை சீட்டில் கட்டிக்கொண்டு வந்தேன். பாலூர் தாண்டுவதற்குள் கயிறு தளர்ந்து முள் முதுகில் குத்த ஆரம்பித்தது, நிறுத்திக் கட்டச் சோம்பல், முன்னால் நகர்ந்து டேங்க் மேலேயே உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தேன்.

இப்போது செயின் கொஞ்சம் தொங்குகிறது, அது மாட்டும் ஸ்பிராக்கெட் சக்கரத்தின் பல்லும் தேய்ந்து கூராகிவிட்டது. அடுத்த பலா சீசனுக்குள் செட்டாக மாற்ற வேண்டும். கயிறும் புதிதாக வாங்க வேண்டும்.